ஊரில் யாருக்கும் தெரியாத காரை வீட்டில் வைத்துக்கொண்டு

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எட்டு மாதத்துக்கு முன் 2006ஆம் வருடத்து சான் ஸ்டார்ம் கார் ஒன்றை வாங்கினேன். சிவப்பு நிறம், இரண்டு சீட், துணிக் கூரை. கல்லூரி நாளிலிருந்தே ஆசை. அரை மணி நேரம் ஓட்டினால் பட்டென்று நின்றுவிடுகிறது. நாற்பது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு முறை கத்திப்பாரா மேம்பாலத்தின் மேலேயே நின்றது. பெட்ரோல் பம்ப், காயில், பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பின்பக்கம் ஒரு விரிசல். டிங்கரிங் கடையில் தொட மாட்டோம் என்கிறார்கள். மெக்கானிக் ஸ்விஃப்ட் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார். கணவர், 'இது வண்டியா, வளர்ப்புப் பிராணியா?' என்கிறார். வைத்துக்கொள்வதா, விற்பதா?"

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துக்கொண்டு, இரண்டாம் முறை பேனாவோடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக அம்பத்தூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். இத்தனை காலத்தில் ஸ்டார்ம் என் கைக்கு வந்தது மூன்றே முறை. கோவாவில் சான் மோட்டார்ஸ் கட்டிய அந்த வண்டி தெருவில் ஓடியது மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான். ஆகவே "ஸ்டார்ம் ஸ்பெஷலிஸ்ட்" என்று யாராவது போர்டு வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அந்த பானெட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ரெனோவின் டி7எஃப் எஞ்சின். 1149 சிசி, எட்டு வால்வு, சுமார் 60 குதிரை சக்தி. ஐரோப்பாவில் ட்விங்கோ, கிளியோ, கங்கூ என்று வீட்டுக்கு வீடு நின்ற வண்டிகளில் ஓடிய அதே எஞ்சின். அங்கே அது நம் ஊர் மாருதி எஞ்சின் மாதிரி, தெருமுனை மெக்கானிக்குக்கும் அத்துப்படி. உங்கள் கார் அபூர்வமானது. அதற்குள் இருக்கும் சாமான்கள் சாதாரணமானவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

சரி, நின்றுபோகும் கதைக்கு வருவோம். மற்றவை எல்லாம் தொந்தரவு, இது ஒன்றுதான் ஆபத்து.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இந்த இரண்டு வரியைக் கேட்டதும் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் சென்சாரை. கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில், ஃப்ளைவீலுக்கு மேலே, இரண்டு சின்ன போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் அளவுதான். ஃப்ளைவீலின் பற்கள் எதிரே ஓடும்போது எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள். வயதாகி எங்கோ ஓர் இடத்தில் அந்தக் கம்பி விட்டுப்போயிருந்தால், குளிர்ச்சியில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்து பிரிந்துவிடும். அந்த நொடியில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எஞ்சின் சுற்றவே இல்லை. ஸ்பார்க்கையும் நிறுத்தும், பெட்ரோலையும் நிறுத்தும். ஆறினதும் கம்பி மறுபடி சேர்ந்துகொள்ளும். நாற்பது நிமிடக் கணக்கு அதுதான்.

பம்ப், காயில், பிளக் என்று வரிசையாக மாற்றியதில் உங்கள் மெக்கானிக்கை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவர் கைக்கு வண்டி வரும்போது அது ஆறியிருந்தது, ஓடியது. ஓடுகிற வண்டியில் நிற்கிற நோயைத் தேடினால் யூகத்தில்தான் கை வைக்க முடியும். சோதனையை நிற்கும் இடத்திலேயே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை நின்றதும் ஓரங்கட்டி, ஹசார்ட் லைட் போட்டுவிட்டு, சாவியை ஆனுக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் பெட்ரோல் பம்ப் ஒன்றிரண்டு நொடி "ங்ங்" என்று முனகுகிறதா? முனகினால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது. அப்புறம் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். கொஞ்சமாவது துடிக்க வேண்டும். செத்த மாதிரி பூஜ்யத்திலேயே கிடந்தால் சென்சார் மேல் சந்தேகம் இறுகுகிறது. கடைசிச் சோதனை நாட்டு வைத்தியம். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தச் சென்சார் மேல் மட்டும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். நாற்பது நிமிடம் எடுத்த வண்டி ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால், குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். கை சுடும் இடம், ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும், புடவையானாலும் துப்பட்டாவானாலும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

புதுச் சென்சார் வாங்குவதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சில வண்டியில் அதோடு முடிந்துவிடும்.

சென்சார் எங்கே கிடைக்கும்? சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால், "ரெனோன்னா எல்லாம் ஒண்ணுதான் சார், லோகன் ஐட்டம் போடலாம்" என்பார்கள். லோகன் என்ற ரெனோ காரின் பெட்ரோல் மாடலில் இருந்தது 1.4, 1.6 லிட்டர் எஞ்சின்கள். குடும்பமே வேறு. அதற்காக உடனே தள்ளிவிடவும் வேண்டாம். பழைய சென்சாரைக் கையில் கொண்டுபோய், கனெக்டருக்குள் உலோக முனைகள் எத்தனை, போல்ட் துளை இடைவெளி எவ்வளவு, மேலே பொறித்த எண் என்ன என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போனால் வாங்கலாம். "கிட்டத்தட்ட" என்றால் வேண்டாம். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது புதுச்சேரி வழி. அந்த ஊரில் விசாரித்தால் பாரிஸில் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தெருவே கிடையாது. விடுமுறைக்கு வருகிறவர் பெட்டியில் ஒரு கிளியோ சென்சார் பெரிய பாரம் இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவரின் டைமிங் பெல்ட் அப்படித்தான், சாக்லெட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வந்து சேர்ந்தது.

பெல்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. எஞ்சின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்குவது டைமிங் பெல்ட். உங்களுடையதை எப்போது மாற்றியது என்று எழுதவில்லை. பழைய ஓனரிடம் பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பது பதில் ஆகாது. ரப்பர் நிறுத்திவைத்த வண்டியிலும் கிழடாகும். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். அறுந்தால் செலவு சிலிண்டர் ஹெட்வரை போகலாம்.

அடுத்தது அந்த இண்டிகேட்டர் வேடிக்கை. இதில்தான் ஃபைபர் வண்டிக்கும் தகர வண்டிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. சாதாரண காரில் உடல் முழுக்க இரும்பு. பல்புக்கு ஒரு வயரில் கரண்ட் போனால் போதும், திரும்பி வர உடலே வழி. உங்கள் வண்டியின் உடல் கண்ணாடி நார். அதில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹார்னுக்கும், மோட்டாருக்கும் கீழே இருக்கிற இரும்புச் சட்டம்வரை தனி எர்த் வயர் வேண்டும். அந்த வயர்கள் ஒன்றுசேரும் இடம் துருப்பிடித்தால், இண்டிகேட்டரின் கரண்ட் வீடு திரும்ப வழியில்லாமல் பிரேக் லைட் வழியாகப் புகுந்து போகும். நீங்கள் பார்க்கும் மினுக்கல் அதுதான். மடிப்பாக்கம் கடலிலிருந்து அப்படியொன்றும் தூரம் இல்லை, பக்கத்தில் சதுப்பு நிலம் வேறு. தாமிரம் பச்சை பூக்காமல் என்ன செய்யும்.

பல்பை மாற்றாதீர்கள், ரிலேயை மாற்றாதீர்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் பிடியுங்கள். பிரேக்கை யாரையாவது மிதிக்கச் சொல்லி, சிவப்பு முனையைப் பின் விளக்கின் எர்த் வயர் மேல் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட் வரை மன்னிக்கலாம். ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் அத்தனை வோல்ட்டையும் துரு சாப்பிடுகிறது. நீளமான வயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து விளக்கின் எர்த்துக்கு நேரே தொட்டுப் பாருங்கள், பல்பு பளிச்சென்று எரியும். இந்தக் காட்சியைக் கணவரை விட்டு ஒரு முறை செய்ய வையுங்கள். வளர்ப்புப் பிராணி மேல் பாசம் வர இது நல்ல சந்தர்ப்பம்.

வைத்தியம் எளிது. எர்த் சேரும் இடங்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, வயர் முனையில் புது லக்கு (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். பேட்டரியிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து எஞ்சினுக்கு என்று தடிமனான இரண்டு புது எர்த் கேபிள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. டெம்பரேச்சர் முள் தப்பாகக் காட்டுவதுகூட இதோடு சரியாகலாம். அதனால் சூட்டுப் பிரச்சினையைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

முடித்த பிறகும் சிக்னலில் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். சுற்றுகிறதா என்று பார்ப்பது போதாது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு வண்டியில் ஃபேன் வயர் புதிதாக இழுத்தபோது என் பையன் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டான். ஃபேன் ஜோராகச் சுற்றியது. வண்டி இரண்டு நாள் கொதித்தது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் என்று கழற்றிக்கொண்டே போனோம். கடைசியில் டீக்கடைக்காரர் கொடுத்த வடை பேப்பர் முன்பக்க கிரில்லில் ஒட்டாமல் பறந்தபோதுதான் புரிந்தது. ஃபேன் காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கம் ஃபேன் இருக்கும் வண்டியில் கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஃபேன் சரியாக இருந்தால் கூலன்ட். போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் ரேடியேட்டர் குழாய்க்குள் உப்பு படிந்திருக்கும், பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியுமே, அதே வெள்ளை. வடித்துவிட்டு, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. ஊற்றும்போது உள்ளே காற்று சிக்காமல் வெளியேற்ற வேண்டும். ரெனோ எஞ்சினில் அதற்கென்றே ஹோஸில் சின்னத் திருகு இருக்கும். கத்திரி வெயில் வருவதற்குள் முடியுங்கள்.

விரிசலுக்கு டிங்கரிங் கடைக்குப் போனதே தப்பு. அவர்கள் சுத்தியல்காரர்கள். நீங்கள் போக வேண்டிய இடம் காசிமேடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீன்பிடி ஃபைபர் படகுகளைச் சரிசெய்கிறவர்கள் தினமும் செய்வது இதே வேலை: கண்ணாடி நார் மேட், ரெசின், கெட்டியாக்கும் கலவை. அலையில் அடிபடும் படகையே ஒட்டுகிறவருக்கு உங்கள் பம்பர் ஒரு பொருட்டா? அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். விரிசலை உள்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்துவிட்டு அடுக்கு வைக்க வேண்டும், மேலே பட்டி பூசி மறைக்கக்கூடாது. விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்த வேண்டும். மெல்லிய அடுக்குகளாக வைக்க வேண்டும், படகுக்கு வைக்கும் தடிமன் காருக்குத் தேவையில்லை. வழவழப்பாக்குவதும் பெயின்ட்டும் தனி ஆளின் வேலை. பெயின்ட் கடையில் ஃபைபர் உடல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகர வண்டியைப் போல் அதிகச் சூட்டில் அடுப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று கொப்புளமாக எழும்.

பெட்ரோல் ஹோஸ்களையும் ஒரு பார்வை பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2006இல் போட்ட ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. விரலால் அழுத்தினால் பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். காரேஜில் பெட்ரோல் வாடை அடித்தால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். ஃபைபர் உடல் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். சீட்டுக்குக் கீழே சின்னத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

இனி சாமான் வாங்கும் கலை. கடையில் போய் "ஸ்டார்முக்கு பேரிங்" என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். பேரிங் வளையத்தைத் துடைத்தால் ஓர் எண் தெரியும். 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். அது ஆல்டர்னேட்டரில் இருந்தாலும் ஒன்றுதான், மாவு மில்லில் இருந்தாலும் ஒன்றுதான். ஃபேன் பெல்ட்டில் 4 பி.கே. 850 என்றிருந்தால் நான்கு வரி, 850 மில்லிமீட்டர் நீளம். ஆயில் சீலுக்கு உள்ளே, வெளியே, தடிமன் என்று மூன்று அளவு. விளக்கு, சுவிட்ச், கைப்பிடி போன்றவற்றைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். செய்த கம்பெனியின் முத்திரையும் எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும். ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் கேபிள்களைப் பழையதைக் காட்டினால் புதுப்பேட்டையில் அதே நீளத்துக்குச் செய்து தருவார்கள். பிரேக் விஷயத்தில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் வேண்டாம். சீல், சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிது, பெயர் தெரிந்த கம்பெனியுடையது, அளவு கச்சிதமாகப் பொருந்துவது. காயலான் கடைப் பிரேக் சாமானை வைத்து மலிவு பார்க்காதீர்கள்.

கண்டுபிடித்த ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தேதி, விலை, கடை எல்லாம் சேர்த்து. கம்பெனி தராத மேனுவலை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். உங்களுக்கு நான்கு சாமானை ஒன்றாக மாற்றியதில் எது பழுது, எது நல்லது என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பழைய பம்பையும் காயிலையும் தூக்கிப் போடவில்லை என்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக அவை நன்றாகவே இருக்கும்.

ஸ்விஃப்ட் எஞ்சின் யோசனைக்கு என் பதில், கூடாது. மவுண்ட், கியர் லிங்க், வயரிங், கூலிங் என்று எல்லாம் மாறும். நாலு பிரச்சினை போய் நாற்பது வரும். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போகாது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் அல்லவா, அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும். 20 வருடம் தாண்டினால் புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய் ஆகிவிட்டது, 2025இலிருந்து. விண்டேஜ் என்று சலுகை கேட்கலாமா என்றால், அதற்கு 50 வயது ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு இன்னும் முப்பது வருடம் பாக்கி.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒரு விஷயம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும் தயாரிப்பு நின்ற மாடலுக்கும் வண்டி மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் போடும் தொகைக்குத் தலையாட்டாமல், வாங்கிய பத்திரம், பில்கள், நாலு பக்கப் படம் எல்லாம் கொடுத்துப் பேசுங்கள்.

வைத்துக்கொள்வதா, விற்பதா? தினமும் ஆபீஸ் போக இது ஒன்றுதான் வண்டி என்றால் விற்றுவிடுங்கள், வருத்தப்படாமல். வீட்டில் ஒரு ஸ்கூட்டரோ வேகன் ஆரோ இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விற்றால், "நடுரோட்டில் நிற்கும் வண்டி" என்ற விலைதான் கிடைக்கும். நீங்கள் சொன்ன நான்கு கோளாறில் எதுவுமே பெரிய நோய் இல்லை என்பது என் கணிப்பு. சரிசெய்து, விடியற்காலை ஐந்தரைக்குக் கூரையை மடக்கிவிட்டு ஈ.சி.ஆரில் கோவளம்வரை ஒரு தடவை போய் வாருங்கள். அதற்கப்புறமும் கணவர் விற்கச் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. மடிப்பாக்கத்துக்காரருக்கு நான் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, உங்கள் வண்டியும் அந்த வரிசைக்கு உரியது, அதுவும் முதல் ஆளாக. தரையோடு தரையாக இருக்கும் வண்டி. வீல் நடுப்பகுதிவரை தண்ணீர் நின்றால் அதில் வண்டியை இறக்காதீர்கள். மீறி இறக்கி வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம், இழுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு சுற்றிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சென்சார் வந்து சேரும்வரை எங்காவது எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் கூடவே இருக்கட்டும். கத்திப்பாரா மேலே ஏறாமல் சுற்றிப் போங்கள்.